கண் மஞ்சளாகாத தொற்றுதான் கவலைக்குரியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மஞ்சள் காமாலை குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கொதிக்க வைத்து ஆறிய நீரைக் குடிப்பது, கை கழுவுவது, சுகாதாரமற்ற இடங்களில் உண்பதைத் தவிர்ப்பது ஆகியவை பற்றி அதில் கூறப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டால் காமாலை அண்டாது, அண்டினாலும் கல்லீரலைப் பாதிக்காது என்ற எண்ணம் கட்டுரை முழுவதும் இழையோடுகிறது. ஹெபடைடிஸ் எனப்படும் கல்லீரல் அழற்சியின் ஏ, பி, சி, ஈ ஆகிய நான்கு வகைகளும் ஒரே நோயின் சிறு வேறுபாடுகள் என்று நினைக்கும்படியாகவும் அது எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு நீண்ட காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், இவ்விரு கருத்துகளும் சேர்ந்தால் கருவுற்ற பெண்களுக்கும் பிறக்கும் குழந்தைகளுக்கும் எத்தகைய கேடு விளையக்கூடும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் தந்து உதவ வேண்டுகிறேன்.

ஹெபடைடிஸ் வைரஸ்கள் தாம் குடியேறும் கல்லீரல் செல்லைப் பொதுவாகத் தாமே கொல்வதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒரு செல்லுக்குள் நெடுங்காலம் தங்கிப் பெருகினாலும் அந்தச் செல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வைரஸ் உள்ளே நுழைந்து பல வாரங்கள் கழிந்த பிறகு, சிடி8 டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் கல்லீரலுக்குள் திரண்டு, தொற்றுக்குள்ளான செல்களை இனங்கண்டு தாக்கத் தொடங்குகின்றன. பசி அற்றுப்போவதும், சிறுநீர் அடர்மஞ்சளாவதும், இரத்தப் பரிசோதனையில், சிதையும் கல்லீரல் செல்களிலிருந்து கசியும் எஸ்ஜிபிடி என்னும் நொதியின் அளவு பல மடங்கு உயர்வதும் அப்போதுதான். சிம்பன்சிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் இந்த சிடி8 செல்களைத் தற்காலிகமாக நீக்கியபோது, கல்லீரல் அழற்சியும் தோன்றவில்லை, வைரஸும் அகலவில்லை. அச்செல்கள் உடலில் மீண்டும் உருவான பிறகே இரண்டும் நிகழ்ந்தன. நோயாகத் தெரிவதும் நோய் தீர்வதும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. கல்லீரலின் பெரும்பான்மையான செல்களில் வைரஸ் இருக்கும்போது, அவை அத்தனையையும் கொன்றுதான் நோய் தீர வேண்டும் என்றால் மனிதர் பிழைப்பது எவ்வாறு? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் பிரான்சிஸ் சிசாரியும் அவருடைய குழுவினரும் 1990களில் இதற்கு விடை கண்டனர். டி செல்கள் சில செல்களை மட்டுமே நேரடியாகக் கொல்கின்றன. அதற்கும் மேலாக, காமா இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து, செல்லைச் சாகவிடாமலேயே அதற்குள் வைரஸ் பெருகுவதை அடக்குகின்றன. எதிர்ப்பாற்றல் அளவோடும் உரிய நேரத்திலும் செயல்பட்டால் கல்லீரல் தப்புகிறது. அது கட்டுக்கடங்காமல் பாயும் அரிய நேரங்களில் சில நாட்களுக்குள் கல்லீரல் செயலிழந்து உயிரும் போகிறது. ஆகவே கூடுதலான எதிர்ப்பாற்றல் எப்போதும் நன்மையே தரும் என்ற அனுமானம் இந்த நோய்களில் தொடக்கத்திலேயே பிழையாகிறது.

ஹெபடைடிஸ் ஏ இதற்கு எளிய சான்று. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் இந்த வைரஸ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொற்றினால், அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. அதே வைரஸ் வளர்ந்தவர்களைத் தொற்றினால் பெரும்பாலோருக்குக் காமாலை வெளிப்படையாகத் தோன்றுகிறது. வயது ஏற ஏறக் கடுமையும் கூடுகிறது. முதிர்ந்த எதிர்ப்பாற்றல் உள்ளவரே அதிகம் அவதிப்படுகிறார். மேலும், மலத்தில் வைரஸ் மிகுதியாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரு வாரங்களில். கண் மஞ்சளாகும்போது உடல் ஏற்கெனவே வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு வீட்டில் ஒருவருக்குக் காமாலை வந்த பிறகு அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது தவறில்லை. ஆனால் பரவல் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஹெபடைடிஸ் ஈ தொற்றும் பெரும்பாலோருக்குத் தானே தணிகிறது. 1955–56இல் டெல்லியில் யமுனை நீரில் கழிவுநீர் கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை ஏற்பட்ட பெருந்தொற்று இந்த வைரஸால் நேர்ந்தது என்பது, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளிலிருந்து மிகவும் பின்னால் தெரியவந்தது. கருவுற்ற பெண்களுக்கு மட்டும் இது தனியான ஆபத்து. குறிப்பாக இறுதி மூன்று மாதங்களில் இத்தொற்றுக்குள்ளாகும் பெண்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்க நேர்கிறது. சிசுவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் எதிர்ப்பாற்றல் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் காலத்தில் இந்தத் தொற்று நுழைவதும், அக்காலத்து ஹார்மோன் மாற்றங்களும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நாளும் செலவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற ஒரு வரியைக் கட்டுரை சேர்த்திருக்கலாம்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏ, ஈ வகைத் தொற்றுகள் தாமாகவே சில வாரங்களில் தீர்ந்துவிடுவதால், அந்த நாட்களில் எதை அரைத்துக் கொடுத்தாலும் அதுவே குணமாக்கியது என்ற நம்பிக்கை வேரூன்றுவது இயற்கை. இதை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பார்த்ததிலிருந்து மக்கள் முடிவுக்கு வந்தார்கள், பார்த்தது பாதியாக இருந்தது, அவ்வளவே. அறிவியலும் இந்த மூலிகையைப் புறக்கணிக்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை ஆன்டிஜெனை (எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் மேலுறைப் புரதத்தை) 1960களில் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பர்கும் சென்னை ஆய்வாளர்களும் இணைந்து, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடையவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்தனர். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து மேலுறை ஆன்டிஜென் மறைந்ததாகவும், மருந்து பெறாத 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நிகழ்ந்ததாகவும் 1988இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் அறிவித்தனர். அது உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள ஒருவர் கீழாநெல்லியை நம்பி மருத்துவக் கண்காணிப்பைக் கைவிடுவதற்கு ஆதாரம் இல்லை. தங்கள் கட்டுரை 1988ஆம் ஆண்டு ஆய்வைப் பெருமையுடன் குறிப்பிட்டு, அதன் பிறகு நடந்ததைக் குறிப்பிடாமல் விட்டது எனக்கு வருத்தமளித்தது.

இனி ஹெபடைடிஸ் பி. இக்கடிதத்தின் மையம் இதுதான்.

பொதுவாக ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைந்தவுடன், செல்லின் உட்புறத்தில் உள்ள உணர்விகள் அதை அறிந்து இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கின்றன, அண்டைச் செல்கள் எச்சரிக்கை அடைகின்றன, எதிர்ப்பாற்றல் விழிக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் நுழைந்து பரவும் முதல் வாரங்களில் கல்லீரலில் இந்த எச்சரிக்கை ஏறக்குறைய எழுவதே இல்லை. ஏறத்தாழ 3,200 எழுத்துகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய மரபுப்பொருளை உடைய இந்த வைரஸ், அதைச் செல்லின் உட்கருவுக்குள் மூடிய வட்டமாக மாற்றி நிலைநிறுத்திக்கொள்கிறது. தான் நகலெடுக்கும் வேலையை, எதிர்ப்பாற்றலின் உணர்விகளுக்கு எளிதில் எட்டாத புரதக் கூட்டுக்குள் நடத்துகிறது. இத்துடன், உள்ளே மரபுப்பொருள் ஏதும் இல்லாத வெறும் மேலுறைத் துகள்களை, உண்மையான வைரஸ் துகள்களைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கும் மேலாக இரத்தத்தில் கலக்கிறது. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் பெருமளவு இந்த வெற்றுத் துகள்களோடு பிணைந்து வீணாகின்றன. பரிசோதனைக் கூடங்களில் எச்பிஎஸ்ஏஜி (மேலுறை ஆன்டிஜென்) என்று நாம் அளப்பது பெரும்பாலும் இந்த வெற்றுத் துகள்களைத்தான்.

நல்ல உடல்நிலையுள்ள வளர்ந்த ஒருவரின் எதிர்ப்பாற்றல், இத்தனை தந்திரங்களையும் மீறிச் சில மாதங்களில் வைரஸை அடக்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே தொற்று நாள்பட்டதாக நீடிக்கிறது. தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றைப் பெறும் குழந்தைகளுக்கோ ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது வாழ்நாள் தொற்றாகிறது. ஒரே வைரஸ், ஒரே கல்லீரல். மாறியது சந்தித்த வயது மட்டுமே. தாயின் இரத்தத்தில் உள்ள வைரஸின் ஈ-ஆன்டிஜென் என்னும் புரதம் (ஹெபடைடிஸ் ஈ வைரஸோடு இதற்குத் தொடர்பில்லை) நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையக்கூடியது. அதன் வாயிலாக சிசுவின் டி செல்கள் இந்த வைரஸைத் தன்னுடைய உடலின் ஒரு பகுதியாகவே ஏற்கப் பழகுகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். குட்டியாக இருந்தபோதே வீட்டில் கண்டு பழகியவரைப் பார்த்து நாய் குரைக்காதது போன்ற நிலை இது. கல்லீரலின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. குடலிலிருந்து உணவின் கூறுகளையும் நுண்ணுயிர்களின் சிதைவுகளையும் சுமந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. வரும் ஒவ்வொன்றையும் எதிர்த்துப் போரிட்டால் அந்த உறுப்பு நிலைக்காது. சகித்துக்கொள்வது அதன் பிறவிக்குணம். ஒரு பன்றியிலிருந்து மற்றொரு பன்றிக்குப் பொருத்தப்பட்ட கல்லீரல், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமலேயே நீண்ட நாள் நிலைத்ததை பிரிட்டன் அறுவை மருத்துவர் ராய் கேல்னும் அவருடைய குழுவினரும் 1969இலேயே பதிவு செய்துள்ளனர்.

இவ்வாறு தொற்றைச் சுமக்கும் குழந்தைக்குக் காமாலை வராது. கண் மஞ்சளாகாது. நன்றாகச் சாப்பிடும், வளரும், பள்ளிக்குச் செல்லும். இரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும்; எஸ்ஜிபிடி அளவோ இயல்பாக இருக்கும். கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கிறது என்ற அறிக்கையைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாலும் இளமைப் பருவத்திலோ அதற்குப் பின்போ, எதிர்ப்பாற்றல் விழித்து எழுகிறது. அப்போதும் அதனால் வைரஸை முற்றாக நீக்க இயலுவதில்லை. இத்தனை காலம் ஓயாமல் ஆன்டிஜெனைக் கண்ட டி செல்கள் தம் வலுவை இழந்து, களைத்த நிலையில் இருக்கின்றன. அவை தாக்கும்போது சில செல்கள் அழிகின்றன, தழும்பு விழுகிறது, தாக்குதல் தணிகிறது, மீண்டும் எழுகிறது. தீரவும் தீராமல் ஓயவும் ஓயாமல் நடக்கும் இந்தப் போரின் தழும்புகளே காலப்போக்கில் கல்லீரல் சுருக்கமாகவும், சிலருக்குப் புற்றுநோயாகவும் முடிகின்றன. வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்வதற்கான மருத்துவப் பரிசோதனையிலோ இரத்ததான முகாமிலோதான் நம் ஊர் இளைஞர்கள் பலர் தம் தொற்றை முதன்முதலாக அறிகின்றனர். எந்த அறிகுறியும் இல்லாத தம்மை நோயாளி என்று சொல்வதை அவர்கள் நம்ப மறுப்பதில் வியப்பில்லை. அவர்களிடம் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, லேகியம் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கண்காணிப்பிலிருந்து அவர்களை விலக்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடனும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடனும் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் கண்கள் இன்று வெண்மையாகவே இருக்கும்.

ஹெபடைடிஸ் சி, எதிர்ப்பாற்றலை ஏய்க்கும் வழி வேறு. அது நுழைந்ததைச் செல் அறிந்துகொள்கிறது. ஆனால் அந்த வைரஸின் நொதி ஒன்று, எச்சரிக்கையை எடுத்துச் செல்லும் செல்லின் புரதத்தையே வெட்டிவிடுகிறது. மேலும் தன் ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்தும் வசதி அதற்கு இல்லாததால், ஒரே நோயாளியின் உடலில் எண்ணற்ற வேறுபாடுகளுடன் அது உலவுகிறது. ஒரு வடிவத்தைப் பிடிக்க எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே வேறு வடிவம் பெருகியிருக்கும். இதனால்தான் 1989இல் கண்டறியப்பட்டும் இன்றுவரை இதற்குத் தடுப்பூசி இல்லை. ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றும் வாய்ப்பும் உண்டு.

எதிர்ப்பாற்றலைக் கூட்டி இந்நோய்களை வெல்வது என்ற யோசனையை மருத்துவம் புறக்கணித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்டர்ஃபெரான் ஊசி அதைத்தான் செய்தது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் பல மாதங்கள் காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்கி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டனர். பலருக்குப் பலன் கிட்டவில்லை. இன்று வைரஸை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள் சுமார் மூன்று மாதங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன. ஹெபடைடிஸ் பி தொற்றால் கல்லீரல் ஏற்கெனவே முற்றும் நலிந்துவிட்ட ஒருவருக்கு இன்டர்ஃபெரான் தரக்கூடாது என்பது மருத்துவ விதி. தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் எஞ்சியிருக்கும் கல்லீரலையும் அழித்துவிடக்கூடும். கடைகளில் கிடைக்கும் பொருள்களும் ஆபத்தற்றவை என்று எண்ணிவிட முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியை உட்கொண்டு வந்த சிலருக்கு, தன் எதிர்ப்பாற்றலே தன்னைத் தாக்கும் வகையிலான கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. ஆயினும் கல்லீரல் நோயுள்ளவர் எச்சரிக்கையாக இருக்க அந்தப் பதிவே போதிய காரணம்.

மறுபுறம், எதிர்ப்பாற்றலைக் குறைத்தாலும் ஆபத்து நேர்கிறது. ஹெபடைடிஸ் பி வந்து குணமானவர் என்று கருதப்படுபவரின் கல்லீரல் செல்களின் உட்கருவிலும் வைரஸின் வட்ட டிஎன்ஏ சிறிதளவு தங்கியிருக்கக்கூடும். டி செல்களும் எதிர்ப்பொருள்களும் அதை வாழ்நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கின்றன. அவருக்குப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபியோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்தோ கொடுக்கப்படும்போது காவல் தளர்கிறது, வைரஸ் மீண்டும் பெருகுகிறது. சிகிச்சை முடிந்து எதிர்ப்பாற்றல் மீளும்போது கல்லீரல் மீது பெரும் தாக்குதல் நடக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் ரிடுக்ஸிமாப் மருந்தின் உறையில் இதற்கென உச்ச எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. சிகிச்சைக்கு முன் ஒரு எளிய இரத்தப் பரிசோதனையும், தேவையானால் தடுப்பு மாத்திரையும் போதும். இந்த இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

பிறந்த குழந்தையின் எதிர்ப்பாற்றல் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சகித்துக்கொள்கிறது என்றேன். அதே குழந்தைக்கு அதே வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தொடையில் ஊசியாகச் செலுத்தினால், அது சிறந்த முறையில் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. என் ஆசிரிய வாழ்வில் இதை விளக்கும்போதெல்லாம் எனக்கே வியப்பு உண்டாகும். குழந்தையின் எதிர்ப்பாற்றல் ஊமையல்ல. கல்லீரலின் சகிப்புத்தன்மைக்குள் வைரஸை முதலில் சந்திக்கிறதா, தசையின் வழியாக நிணநீர் முடிச்சில், எச்சரிக்கையூட்டும் துணைப்பொருளோடு அதன் ஒரு துண்டை முதலில் சந்திக்கிறதா என்பதுதான் வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. பிரசவத்தின்போது வைரஸ் ஏற்கெனவே குழந்தையின் உடலுக்குள் சென்றிருக்கலாம். அது மெதுவாகவே பெருகும் வைரஸ் என்பதால் தடுப்பூசிக்கு முந்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் சுருங்குகிறது. முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இதுவே. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால், தடுப்பூசியோடு மற்றொரு இடத்தில் ஆயத்த எதிர்ப்பொருள்களைக் கொண்ட ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்படுகிறது; இரண்டும் உரிய நேரத்தில் போடப்பட்டு, தொடர் தவணைகளும் முடிக்கப்பட்டால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் காக்கப்படுகின்றனர். தாயின் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் தரப்படுகிறது. ஹெபடைடிஸ் டி என்னும் வைரஸ் பி வைரஸின் மேலுறையை இரவல் வாங்கித்தான் பரவும் என்பதால், இந்த ஒரே தடுப்பூசி அதையும் சேர்த்தே தடுக்கிறது.

தைவான் 1984இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய், அதற்கு முன்பு லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது, 1990–94இல் 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததை உலகம் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

நம் நாட்டில் இத்தடுப்பூசி 2011 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடப்படுகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி அதே ஆண்டு டிசம்பரில் முதலில் தொடங்கப்பட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படும் அந்த ஊசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பு அடங்கியிருப்பதால், பிறந்தவுடன் போடும் தவணை விட்டுப்போனாலும் பரவாயில்லை என்று எண்ணும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தாய்க்குத் தொற்று இருக்கும் குழந்தைக்கு ஆறாவது வாரம் என்பது மிகவும் தாமதம். 2018இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எனவே மருத்துவப் பக்கத்தில் இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். கர்ப்பிணிகள் அனைவரும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும், பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்தாலும் தனியார் மருத்துவமனையில் நடந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் முன் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பிறப்புத் தவணையின் தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று குடும்பத்தார் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும், வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மற்ற அனைவரும், அவர்கள் எவ்வளவு ஆரோக்கியமாகத் தோன்றினாலும், பரிசோதித்துக்கொண்டு தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் அதில் தெளிவாக எழுதுங்கள். தொற்றுள்ளவரோடு சேர்ந்து உண்பதாலோ கைகுலுக்குவதாலோ ஹெபடைடிஸ் பி பரவாது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட்டால், தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டு மனம் நொந்திருக்கும் பலருக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.